‘ஏற்றுக்கொண்டேன்’ என்றால் ‘முடித்துவிட்டேன்’ என்று பொருளில்லை: கிளவுட் கன்டெய்னர் சேவைகளில் பின்னணிப் பணிகளைக் கண்காணிக்க முழுமையான வழிகாட்டி

கன்டெய்னர்கள், அதாவது தேவையானவற்றோடு பொதிந்த செயலிகள், ஓடுவதற்கான கணினிக் கூட்டமே கிளஸ்டர். அப்படி ஒன்றை உருவாக்கச் சொல்லி, நிரல்கள் பேசும் வாசலான ஏபிஐ வழியாகக் கிளவுட் சேவைக்குக் கோரிக்கை அனுப்புகிறீர்கள். ஓரிரு விநாடியில் பதில் வந்துவிடுகிறது. பிழை எதுவும் இல்லை. கிளஸ்டரோ பல நிமிடங்கள் கழித்துத்தான் எழுந்து நிற்கும். எழாமலும் போகலாம். எச்டிடிபி நெறிமுறையில் இப்படிப்பட்ட பதிலுக்கு 202 என்று எண். இந்த 202 வேண்டுமென்றே எந்த உறுதியும் தராத பதில் என்று 2022இல் வெளியான எச்டிடிபி தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 9110 ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. கோரிக்கை கைக்கு வந்தது, வேலை இனிமேல்தான் நடக்கும், நடக்காமலும் போகலாம்: அதன் பொருள் இவ்வளவுதான். கூகுள் போன்ற சில சேவைகள் 202கூடத் தருவதில்லை. ‘சரி’ என்று பொருள்படும் சாதாரண 200 பதிலுக்குள் பணியைப் பற்றிய விவரத்தை வைத்து அனுப்பிவிடும். அங்கே ஏமாறுவது இன்னும் எளிது.

இப்படிக் கோரிக்கைக்குப் பின்னால் தனியே ஓடுபவற்றை ஒத்திசைவற்ற செயல்பாடுகள் என்பார்கள். இங்கே சுருக்கமாகப் ‘பணி’ என்கிறேன். கூகுளில் அதற்கு ஆபரேஷன் என்று பெயர், ஆரக்கிளில் வொர்க் ரிக்வெஸ்ட், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் மென்பொருளை அமேசான் வழங்கும் இகேஎஸ் சேவையில் அப்டேட். பெயர் எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கோரிக்கை ஏற்கப்பட்டதா? பணி முடிந்ததா, முடிந்தது என்றால் எப்படி? நம் கன்டெய்னர் உண்மையிலேயே வேலை செய்கிறதா? நான் பார்த்த நள்ளிரவுக் கோளாறுகளில் பாதிக்கு மேல், இந்த மூன்றில் ஒன்றுக்கு வந்த ‘ஆம்’ என்ற பதிலை இன்னொன்றுக்கு வந்ததாக எடுத்துக்கொண்டதால் விளைந்தவை.

படி 1: பணி எண்ணை உடனே எழுதி வையுங்கள்

துணி வெளுக்கக் கொடுத்தால் சீட்டு வாங்கிக்கொள்வோம் அல்லவா, அந்தச் சீட்டுதான் பணி எண். அது எங்கே இருக்கும் என்பது சேவைக்குச் சேவை மாறும். கூகுளின் குபெர்னெட்டிஸ் சேவையான ஜிகேஇ, பதிலின் உடலிலேயே ‘ஆபரேஷன்’ என்று தொடங்கும் பெயரைத் தரும். ஆரக்கிள் அதைப் பதிலின் ஹெடரில், அதாவது உடலுக்கு முன் வரும் தலைப்புத் தகவலில் வைக்கிறது. ஓபிசி-வொர்க்-ரிக்வெஸ்ட்-ஐடி என்று தேடுங்கள். மைக்ரோசாஃப்டின் அஸூர் எண்ணுக்குப் பதிலாக முழு முகவரியையே தந்துவிடும்: ‘அஸூர்-அசின்க்ஆபரேஷன்’ ஹெடரில் ஒன்று, ‘லொக்கேஷன்’ ஹெடரில் ஒன்று. இரண்டும் வந்தால் முதலாவதைப் பின்தொடருங்கள். நிலையை வெளிப்படையாகச் சொல்வது அதுதான். அமேசானின் இன்னொரு கன்டெய்னர் சேவையான இசிஎஸ்ஸில் இப்படித் தனிப் பணி எண் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு சர்வீஸை (தொடர்ந்து ஓடும் கன்டெய்னர்களின் தொகுப்பை) மாற்றினால், அதன் விவரத்துக்குள் இருக்கும் டெப்ளாய்மென்ட் (ஒரு பதிப்பின் வெளியீடு) எண்ணைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காத்திருக்கத் தொடங்குவதற்கு முன்பே எண்ணை லாக்கில் எழுதிவிடுங்கள். காத்திருந்து முடித்த பிறகு எழுதும் ஸ்கிரிப்ட், நடுவில் செத்துப்போனால் சீட்டும் சேர்ந்து தொலையும். அப்படித் தொலைந்துவிட்டாலும் வழி உண்டு. பெரும்பாலான சேவைகளில் சமீபத்திய பணிகளைப் பட்டியலிட ஒரு கட்டளை இருக்கும். நேரத்தையும் கிளஸ்டர் பெயரையும் வைத்து நம்முடையதை அடையாளம் காணலாம். ஒரு சின்ன எச்சரிக்கை. ஜிகேஇயில் பணிகள் இடம் சார்ந்தவை. ரீஜன் (ஒரு வட்டாரம்) அளவில் உருவாக்கிய கிளஸ்டரின் பணியை அதற்குள் இருக்கும் ஒரு சோனில் தேடினால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்றுதான் வரும். பணி காணாமல் போகவில்லை, நாம் தேடிய இடம் தவறு.

படி 2: நிலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாச் சேவைகளிலும் நிலைகள் இரண்டு வகை: இனியும் மாறக்கூடியவை, இனி மாறவே மாறாதவை. நம் நிரல் இந்த இரண்டாம் வகையைத்தான் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும்.

அஸூரில் இறுதி நிலைகள் மூன்றே: சக்சீடட், ஃபெயில்ட், கேன்சல்ட். வேறு எந்தச் சொல் வந்தாலும் பணி இன்னும் ஓடுகிறது என்று கொள்ள வேண்டும். இது நல்ல விதி. நாளை புதிதாக ஓர் இடைநிலை சேர்ந்தாலும் நம் நிரல் உடையாது. ஆரக்கிளில் ஆக்சப்டட், இன் புரோகிரஸ் என்று போய் சக்சீடட், ஃபெயில்ட், கேன்சல்ட் ஆகியவற்றில் ஒன்றில் முடியும். ரத்துசெய்யும்போது நடுவில் கேன்சலிங் வரும். இகேஎஸ்ஸில் வெற்றிக்குச் சொல் ‘சக்சஸ்ஃபுல்’. அங்கே கேன்சல்ட் என்ற சொல்லில் ‘எல்’ எழுத்து இரண்டு முறை வரும். அஸூரிலும் ஆரக்கிளிலும் ஒரே முறை. ஒரு சேவைக்கு எழுதிய நிரலை இன்னொன்றுக்குப் பெயர்த்து ஒட்டியவர்கள் இந்த ஒற்றை எழுத்துக்காக அரை நாள் தொலைத்ததுண்டு. ஆகவே சேவை தரும் சொல்லை நேரடியாக நிரல் முழுக்க ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல், ‘ஓடுகிறது, வென்றது, தோற்றது, ரத்தானது’ என்ற நம் சொந்த நான்கு நிலைகளுக்கு ஓரிடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜிகேஇக்குத் தனியே ஒரு பத்தி வேண்டும். அங்கே நிலைகள் பெண்டிங், ரன்னிங், அபார்ட்டிங், டன். தோல்வி என்று ஒரு நிலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘டன்’ என்றால் இனி இந்தப் பணியில் எதுவும் நடக்காது என்று பொருள். நல்லபடி முடிந்ததா என்பதை அதே பதிலில் இருக்கும் ‘எரர்’ புலத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். கட்டளை வரிக் கருவியைக் கொண்டு காத்திருந்தால் அதுவே பிழையைப் பார்த்துச் சொல்லிவிடும். ஏபிஐயை நாமே அழைக்கும்போதுதான் வம்பு.

இந்த வம்பில் நானே விழுந்திருக்கிறேன். கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் நோட் என்று பெயர். புதிய நோட் குழுவை உருவாக்கி, அது முடியும்வரை காத்திருந்து, பழைய குழுவைக் காலிசெய்து நீக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருந்தேன். பணி ‘முடிந்தது’ என்றதும் அடுத்த வரிக்குப் போகும். பல முறை அழகாக ஓடியது. ஒரு நாள் கணக்கின் ஒதுக்கீட்டு வரம்பு தீர்ந்திருந்தது. புதிய குழுவில் ஒரு நோட்கூட வரவில்லை. பணி முடிந்தது, தோல்வியில். ஸ்கிரிப்ட் பழைய குழுவை நீக்கிவிட்டு, ‘எல்லாப் படிகளும் முடிந்தன’ என்று லாக்கில் எழுதிவிட்டு வெளியேறியது. கன்டெய்னர்களைத் தாங்கும் பாட்கள் அத்தனையும் போக இடமில்லாமல் பெண்டிங்கில் நின்றன. லாக் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் எரிச்சல்.

படி 3: எவ்வளவு இடைவெளியில் கேட்பது

‘முடிந்ததா, முடிந்ததா’ என்று விநாடிக்கு ஒரு முறை கேட்டால் பணி வேகமாக முடியப்போவதில்லை; அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்று 429 பதில்தான் வரும். பதிலில் ‘ரிட்ரை-ஆஃப்டர்’ ஹெடர் இருந்தால் அது சொல்லும் விநாடிகள் பொறுத்திருங்கள். அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். இல்லையென்றால் 5 விநாடியில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டி, 30 விநாடியில் நிறுத்திக்கொள்வது என் வழக்கம். கூடவே ஓரிரு விநாடியைத் தற்செயலாகச் சேர்த்துவிடுங்கள். ஒரே நேரத்தில் தொடங்கிய இருபது ஸ்கிரிப்ட்கள் ஒரே நொடியில் ஏபிஐயை மொய்க்காமல் இருக்க அது உதவும்.

சொல்லால் எழுதினால் இப்படி இருக்கும்:

கெடு = இப்போது + 30 நிமிடம்; இடைவெளி = 5 விநாடி
கெடு தாண்டாதவரை:
 நிலையைக் கேள்
 இறுதி நிலை என்றால்: பிழைப் புலத்தையும் பார்த்துவிட்டு வெளியேறு
 429 அல்லது 503 (சேவை தற்காலிகமாக இல்லை) வந்தால்: பணி தோற்றதாகக் கொள்ளாதே, பொறுத்துவிட்டு மீண்டும் கேள்
 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) வந்தால்: டோக்கனைப் புதுப்பித்துக்கொண்டு மீண்டும் கேள்
 இடைவெளி விநாடிகள் காத்திரு. இடைவெளியை 30க்கு மிகாமல் கூட்டு
கெடு தாண்டினால்: ‘தெரியவில்லை’ என்று அறிவித்து வெளியேறு

கடைசி வரியில் இருக்கும் ‘தெரியவில்லை’ என்ற சொல்லைத் தயவுசெய்து ‘தோல்வி’ என்று மாற்றிவிடாதீர்கள். நம் பொறுமை தீர்ந்தது என்பதற்காகப் பின்னணியில் ஓடும் பணி நின்றுவிடாது. நிலையைக் கேட்கும் அழைப்பு தோற்பதும் பணி தோற்பதும்கூட வெவ்வேறு. நீண்ட பணிகளில் அணுகல் டோக்கன் நடுவழியில் காலாவதியாவது சர்வ சாதாரணம். அதைப் பணியின் தோல்வியாக எழுதிவைத்த நிரல்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

காத்திருக்கும் வேலையைக் கருவிகளிடமே ஒப்படைத்தால் அவற்றின் உள்ளிருக்கும் கெடு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். இசிஎஸ்ஸில் சர்வீஸ் நிலைபெறக் காத்திருக்கும் ‘சர்வீசஸ்-ஸ்டேபிள்’ 15 விநாடிக்கு ஒரு முறை 40 தடவை பார்க்கும். அதாவது 10 நிமிடம். அதற்குள் நிலைபெறவில்லை என்றால் 255 என்ற எண்ணோடு வெளியேறிவிடும். ஆரக்கிளின் கட்டளைக் கருவி 30 விநாடிக்கு ஒரு முறை கேட்டு 1200 விநாடிவரை பொறுக்கும். குபெர்னெட்டிஸின் கட்டளைக் கருவியான கியூப்சிடிஎல்லின் ‘வெயிட்’ கட்டளைக்கோ இயல்பான பொறுமை 30 விநாடிதான். கட்டளையில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் இவை உங்கள் சார்பில் முடிவெடுத்துவிடும். 12 நிமிடத்தில் எழும் ஒரு சர்வீஸ், ஒவ்வொரு வெளியீட்டிலும் 10ஆவது நிமிடத்தில் ‘தோற்றுக்கொண்டே’ இருக்கும்.

படி 4: விழுக்காட்டை ஓரளவுக்கு மட்டும் நம்புங்கள்

ஆரக்கிளின் பல பணிகளில் எத்தனை விழுக்காடு முடிந்தது என்று ஒரு புலம் உண்டு. அதை நேரக் கணக்காகப் படிக்கக் கூடாது. எத்தனை கட்டம் கடந்தது என்பதற்கான குறி மட்டுமே அது. எந்த நேரத்தில் ஏற்கப்பட்டது, தொடங்கியது, முடிந்தது என்று கூடவே வரும் மூன்று நேர முத்திரைகள் அதைவிடப் பயனுள்ளவை. ஏற்றதற்கும் தொடங்கியதற்கும் நடுவில் நெடுநேரம் என்றால் வரிசையில் நிற்கிறது. தொடங்கிய பிறகு நெடுநேரம் என்றால் வேலையிலேயே சிக்கல்.

ஜிகேஇயில் நோட் குழுவை மேம்படுத்தும்போது மொத்தம் எத்தனை நோட், எத்தனை முடிந்தது என்ற எண்ணிக்கை கிடைக்கும். எண்ணும்படியான எதுவும் விழுக்காட்டைவிட நம்பகமானது. அந்த எண்ணிக்கை ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றால் பதற வேண்டாம். ஒரு நோட்டைக் காலிசெய்யும்போது, அதில் ஓடும் பாட்களுக்கு நாம் விதித்திருக்கும் இடையூறு வரம்பை (ஒரே நேரத்தில் எத்தனை பாட் நிற்கலாம் என்பதை) ஜிகேஇ 1 மணி நேரம்வரை மதித்துக் காத்திருக்கும். ஒரே பிரதி மட்டும் ஓடும் சர்வீஸுக்கு ‘எப்போதும் ஒன்று இருந்தே தீர வேண்டும்’ என்று எழுதி வைத்திருந்தால், அது ஓடும் நோட்டைக் காலிசெய்யும்போதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தை நாமே தாரை வார்க்கிறோம்.

படி 5: மூன்றாவது கேள்விக்குப் போங்கள்

கிளவுட் தன் பணியை முடித்துவிட்டது. இனி கன்டெய்னர் எழ வேண்டும். குபெர்னெட்டிஸில் டெப்ளாய்மென்ட்டை (எந்தப் பதிப்பு, எத்தனை பிரதி என்ற அறிவிப்பை) மாற்றும் கட்டளை திரும்பும்போது நடந்திருப்பது ஒன்றே: நம் விருப்பம் பதிவாகியிருக்கிறது. அதை நிறைவேற்றும் கன்ட்ரோலர் இன்னும் அதைப் படித்துக்கூடப் பார்த்திருக்காது.

இங்கே மறைவாக ஒரு பள்ளம் இருக்கிறது. மாற்றிய அடுத்த நொடியே நிலையைக் கேட்டால், கிடைப்பது பழைய பதிப்பின் நிலையாக இருக்கலாம்: ‘அனைத்துப் பிரதிகளும் நலம்’. உடனே வெற்றி என்று முடிவுகட்டிவிடுவோம். இதைத் தவிர்க்கத்தான் இரண்டு எண்கள் வைத்திருக்கிறார்கள். ‘ஜெனரேஷன்’ என்பது நாம் எத்தனையாவது முறை மாற்றினோம் என்பது. ‘அப்சர்வ்ட் ஜெனரேஷன்’ என்பது கன்ட்ரோலர் அதில் எத்தனையாவதுவரை பார்த்துவிட்டது என்பது. நாம் மாற்றியது 7 என்று இருக்க, கன்ட்ரோலர் பார்த்தது 6 என்றால், கீழே எழுதியிருக்கும் எதையும் நம்பாதீர்கள். அது நேற்றைய செய்தித்தாள். கியூப்சிடிஎல் ‘ரோலவுட் ஸ்டேட்டஸ்’ இந்த ஒப்பீட்டைத் தானே செய்துகொள்கிறது. சொந்தமாக எழுதும்போது நாம்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது முன்னேற்றக் கெடு. அதன் இயல்பான அளவு 600 விநாடி. முழு வெளியீட்டுக்கும் சேர்த்து 10 நிமிடம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எந்த முன்னேற்றமும் இல்லாமல் கழியும் நேரத்துக்குத்தான் இந்தக் கெடு. ஒரு பாட் தயாராகும்போதெல்லாம் கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து ஓடும். ஒன்பது நிமிடத்துக்கு ஒரு பாட் என்று நொண்டிக்கொண்டே போகும் வெளியீடு இந்தக் கெடுவைத் தாண்டாமலேயே மணிக்கணக்கில் நீளலாம். ஆகவே வெளியே நாம் வைக்கும் மொத்தக் கெடு தனியே தேவை. கெடு தாண்டினாலும் குபெர்னெட்டிஸ் தானாகப் பழைய பதிப்புக்குத் திரும்பாது. நிலையில் காரணத்தை எழுதிவைப்பதோடு சரி. திருப்புவது நம் பொறுப்பு.

பாட் எழாத காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இமேஜை (கன்டெய்னரின் மூல நகலை) இழுக்க முடியவில்லை, அல்லது கன்டெய்னர் எழுந்தவுடன் விழுகிறது. இரண்டாவதில் மறுமுயற்சிக்கு இடையிலான நேரம் 10, 20, 40 விநாடி என்று இரட்டித்து 5 நிமிடம்வரை போகும். சிக்கலைச் சரிசெய்த பிறகும் ‘ஏன் இன்னும் எழவில்லை’ என்று தோன்றினால், அது இந்த 5 நிமிட உறக்கத்தில் இருக்கலாம்.

இசிஎஸ்ஸில் டெப்ளாய்மென்ட்டின் ரோலவுட் நிலையைப் பாருங்கள்: இன் புரோகிரஸ், கம்ப்ளீட்டட், ஃபெயில்ட். டெப்ளாய்மென்ட் சர்க்யூட் பிரேக்கர் என்ற அமைப்பை இயக்கி வைக்காவிட்டால், எழ மறுக்கும் டாஸ்க்கை (கன்டெய்னர்கள் ஓடும் அலகை) இசிஎஸ் திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டே இருக்கும். ஃபெயில்ட் என்ற நிலையை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். அதை இயக்கி வையுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதியையும் அதோடு சேர்த்தே இயக்கலாம். இயக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு நல்ல காரணமும் தெரியவில்லை.

படி 6: மீண்டும் முயல்வதும் ரத்துசெய்வதும்

கோரிக்கை அனுப்பினோம், பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தது. மீண்டும் அனுப்பலாமா? அனுப்பலாம், அதே அடையாளத்தோடு அனுப்பினால். ஆரக்கிளில் ‘ஓபிசி-ரிட்ரை-டோக்கன்’, அமேசானில் ‘கிளையன்ட் டோக்கன்’ இதற்காகத்தான். இரண்டாவது கோரிக்கையும் அதே டோக்கனோடு போனால், இன்னொன்றை உருவாக்காமல் முதல் கோரிக்கைதான் இது என்று சேவை புரிந்துகொள்ளும். ஆரக்கிள் டோக்கனுக்கு ஆயுள் 24 மணி நேரம். மறுமுயற்சிக்கு ஒவ்வொரு முறையும் புதிய டோக்கன் உருவாக்கும் நிரலை எழுதினால் டோக்கன் இருந்தும் பயனில்லை. டோக்கனைச் சுழற்சிக்கு வெளியே ஒரே முறை உருவாக்குங்கள்.

வேறொரு பணி ஓடுவதால் உங்களுடையதை ஏற்க முடியாது என்ற மறுப்பும் அடிக்கடி வரும். ஜிகேஇ அந்தப் பிழைச் செய்தியிலேயே குறுக்கே நிற்கும் பணியின் பெயரைச் சொல்லிவிடுவதுண்டு. அதைப் பிழையாக எறிந்துவிடாமல், அந்தப் பெயரை எடுத்து அது முடியும்வரை காத்திருந்து, பிறகு நம் கோரிக்கையை அனுப்புங்கள்.

ரத்துசெய்வதும் ஒரு கோரிக்கைதான்; அதையும் கண்காணிக்க வேண்டும். எல்லாப் பணிகளையும் ரத்துசெய்ய முடியாது. ரத்தான பணி, செய்தவரை செய்ததை அப்படியே விட்டுவிட்டு நிற்கும். பத்து நோட்டில் நான்கு மேம்பட்டிருந்தால், ரத்துக்குப் பிறகும் அந்த நான்கு புதியதாகவும் ஆறு பழையதாகவும் இருக்கும்.

படி 7: கேட்டுக்கொண்டே இருப்பதற்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள்

பணிகள் பெருகினால் நிகழ்வு அறிவிப்புகளுக்கு மாறலாம். இசிஎஸ் டெப்ளாய்மென்ட் தொடங்கியது, முடிந்தது, தோற்றது என்ற செய்திகளை அமேசானின் நிகழ்வுச் சேவையான ஈவென்ட்பிரிட்ஜுக்கு அனுப்பும். ஜிகேஇ தன் மேம்படுத்தல் அறிவிப்புகளைக் கூகுளின் செய்திச் சேவையான பப்/சப் வழியாக அனுப்பும். ஆனால் ஒரே செய்தி இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். எனவே செய்தியை அழைப்புமணியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் ஏபிஐயிடம் போய் உண்மை நிலையைக் கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து முடிவெடுங்கள். மணியே அடிக்காமல் போகும் நாளுக்காக, 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் மெதுவான சோதனை ஒன்றும் இருக்கட்டும்.

படி 8: சாட்சி கலைவதற்குள் எடுத்து வையுங்கள்

குபெர்னெட்டிஸ் நிகழ்வுப் பதிவுகளின் இயல்பான ஆயுள் 1 மணி நேரம். இசிஎஸ்ஸில் நின்றுபோன டாஸ்க்கின் விவரம் குறைந்தது 1 மணி நேரம் இருக்கும். அதற்கு மேல் உறுதி இல்லை. இரவு 2 மணிக்குத் தோற்ற வெளியீட்டைக் காலை 9 மணிக்கு விசாரிக்க வருபவருக்கு ‘தோற்றது’ என்ற ஒற்றைச் சொல்தான் மிஞ்சும். அதனால் தோல்வி நிலையைப் பார்த்த அதே நொடியில் ஸ்கிரிப்ட்டே இவற்றைக் கோப்பில் எழுதிவிட வேண்டும்: பணி எண், இடம், கடைசி நிலை, பிழைப் புலத்தின் முழு உரை, பாட்டின் நிகழ்வுகள், விழுந்த கன்டெய்னரின் முந்தைய ஓட்டத்து லாக். இந்தக் கடைசியை எடுக்க ‘லாக்ஸ்’ கட்டளையோடு ‘ப்ரீவியஸ்’ என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், மறுபடி எழுந்து இன்னும் விழாமல் நிற்கும் கன்டெய்னரின் லாக்தான் வரும். அதில் ஒரு குற்றமும் தெரியாது.